கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்: எளிய வகுப்பறையில் ஆங்கிலம் கற்பித்தல்

தோற்றுவாய்

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் ஆங்கிலம் கற்பித்தலைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்னும் வினா படிப்போர் உள்ளத்தில் எழக்கூடும். எழுவது முறையே. ஆயினும் நம்மிடம் வரும் மாணவருள் பலர் தமிழ்வழியில் பயின்றவர். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர். தமிழ் வகுப்பில் எழுந்து நின்று தயக்கமின்றிக் கருத்துரைக்கும் மாணவன், அடுத்த பாடவேளையில் ஆங்கில வகுப்பின் கடைசி இருக்கையில் தலைகுனிந்து அமர்ந்திருப்பதை நாம் அன்றாடம் காண்கிறோம். ஒரு மணி நேரத்திற்குள் அவனுடைய அறிவு குறைந்துவிடவில்லை. நாவுதான் கட்டுண்டு போயிற்று. பின்னாளில் வேலைக்கான நேர்முகத் தேர்வில் அவன் வாய்ப்பை இழப்பதும் பெரும்பாலும் இக்காரணத்தாலேயே. ஆகவே இஃது ஆங்கிலத்துறையின் கவலை மட்டுமன்று. நம் அனைவருடைய கவலையும் ஆகும்.

இக்குறைக்குக் காரணம் கேட்டால், 'வசதி இல்லை' என்னும் விடையே முதலில் வருகிறது. மொழி ஆய்வுக்கூடம் இல்லை, திறன்பலகை இல்லை, நூலகத்தில் நூல்கள் போதா, ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றெல்லாம் கூறுவர். இவை பொய்யல்ல. ஆனால் வசதியின்மையே முழுக்காரணமா? ஊரப்பாக்கம் போன்ற ஒரு புறநகரில், கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டுமே உடைய ஆசிரியர் என்ன செய்யக்கூடும்? இவ்வினாவிற்கு விடை தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் சென்னை மாநகரிலேயே இருநூறு ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு முயற்சிகள் நமக்கு வழிகாட்டுகின்றன. அவற்றை ஈண்டுக் காண்போம்.

மணலில் எழுதிய பாடம்

ஆண்ட்ரூ பெல் என்பவர் ஸ்காட்லாந்து நாட்டினர். 1787-ஆம் ஆண்டில் இந்தியா வந்த சமயகுரு. 1789-இல் சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென நிறுவப்பெற்ற இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். ஆங்கில நெடுங்கணக்கைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே அங்குப் பெரும்பாடாக இருந்தது. ஆசிரியர் போதவில்லை; இருந்தவர்க்கும் ஆர்வம் இல்லை. ஒருநாள் வழிச்செலவின்போது ஒரு 'மலபார்' பள்ளியில் சிறுவர் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். அக்கால ஆங்கிலேயர் தமிழரை 'மலபாரியர்' என்றே குறித்தனர். ஆதலின் அவர் கண்டது தமிழ்த் திண்ணைப் பள்ளியே எனக் கொள்ள இடமுண்டு.

அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த விரும்பிய பெல்லுக்கு ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. மணலில் எழுதிக் கற்பிப்பது இயலாத செயல் என்றனர். அவரோ ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயது அளவிலான ஒரு மாணவனிடம் சிறுவர் வகுப்பை ஒப்படைத்தார். ஆசிரியர் முடியாது என்றதைச் சிறுவன் செய்து காட்டினான். முன்னே கற்றவன் பின்னே வருபவனுக்குக் கற்பிக்கும் அம்முறை பள்ளி முழுவதும் பரவியது. 1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் பட்டறிவை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'மதராஸ் முறை' என்னும் பெயரால் இங்கிலாந்து எங்கும் வழங்கியது. அவர் விட்டுச்சென்ற செல்வத்தால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1833-இல் நிறுவப்பெற்ற பள்ளி இன்றும் 'மதராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்பெறுகிறது.

நம் முன்னோர்க்கு இது புதுமையன்று. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருந்தான் என்பதைப் பெரியோர் அறிவர். ஆயினும் இம்முறையின் குறையையும் மறைக்கலாகாது. சட்டாம்பிள்ளை எழுத்தையும் வாய்பாட்டையும் ஒப்பிக்கச் செய்வான். சிந்திக்கச் செய்தல் அவனால் இயலாது. இங்கிலாந்திலும் நாளடைவில் இம்முறை வெறும் மனப்பாடமாகக் குறுகியது. வசதியின்மையை வெல்லலாம் என்பதை மணல் காட்டிற்று. எதைக் கற்பிப்பது என்பதற்கு அதனிடம் விடை இல்லை.

இக்கட்டான சூழல்

இருபதாம் நூற்றாண்டில் இச்சிக்கலைக் கூர்ந்து நோக்கியவர் மைக்கேல் வெஸ்ட். இவர் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றியவர். வங்கத்துச் சிறுவருள் மிகப்பலர் பள்ளிப்படிப்பை முடிக்காமல் இடையிலேயே நின்றுவிடுவதை அவர் கண்டார். பத்தாண்டு படித்தால்தான் பயன் தரும் கல்வி, மூன்றாண்டில் நிற்பவனுக்கு என்ன தரும் என்று வினவினார். ஆயுள் காப்பீட்டை இடையில் நிறுத்தினாலும் ஒரு தொகை கைக்கு வருமல்லவா? அதனைச் 'சரண்டர் மதிப்பு' என்போம். ஆங்கிலப் பாடத்திற்கும் அத்தகைய மதிப்பு ஒன்று வேண்டும் என்பது அவர்தம் கருத்து. படித்தறியும் ஆற்றலை முதலில் வளர்த்தால், இடையில் நின்றவனும் வாழ்நாள் முழுவதும் அதனால் பயன்பெறுவான் என அவர் கருதினார்.

1960-இல் வெஸ்ட் எழுதிய சிறு நூல் ஒன்று, இக்கட்டான சூழலில் ஆங்கிலம் கற்பிப்பதைப் பற்றியதே ஆகும். நெருக்கமான பெஞ்சுகளில் முப்பதுக்கு மேற்பட்ட, பெரும்பாலும் நாற்பது ஐம்பது மாணவர், அவருள் தகுதி வேறுபாடு, வெப்பம் மிகுந்த நாடு, ஆங்கிலம் சரளமாக வராத ஆசிரியர் என அவர் வரையும் வகுப்பறை, நமக்கு ஓவியமாகத் தோன்றாது, கண்ணாடியாகவே தோன்றும்.

உருண்ட பனிப்பந்து

அதே காலப்பகுதியில் சென்னை மாநிலத்தில் ஒரு பெருமுயற்சி நடந்தது. தொடக்கநிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்க்கு மறுபயிற்சி அளிப்பது அதன் நோக்கம். சிலருக்கு முதலில் பயிற்சி அளித்து, அவர் பலருக்கும், அப்பலர் இன்னும் பலருக்கும் பயிற்றுவிப்பது என்பது திட்டம். உருள உருளப் பெருகும் என்னும் பொருளில் அதனைச் 'சென்னைப் பனிப்பந்து' என்றனர். குறைந்த பொருளில் நிறைந்த பயன் காண முனைந்த அம்முயற்சி போற்றத்தக்கதே. ஆயினும் இவ்வகைப் பயிற்சிகளுக்கு ஓர் இயல்பான குறை உண்டு. ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறும்தோறும் செய்தி நீர்த்துப் போகிறது. வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சடங்கு எஞ்சுகிறது. அதன் நோக்கம் எஞ்சுவதில்லை. அமைப்புமுறைப் பாடத்திட்டத்தில் பயின்ற மாணவன் வகுப்பறையில் வாக்கியத்தைப் பிழையின்றிச் சொன்னான். வெளியே வந்ததும் அதனைப் பயன்படுத்தத் தெரியாமல் திகைத்தான். இந்நிலையை மாற்றும் வழி யாது என்னும் வினாவிலிருந்தே அடுத்த முயற்சி பிறந்தது.

சென்னையும் பெங்களூரும் கண்ட சோதனை

சென்னைப் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு அவர்கள் 1979 முதல் 1984 வரை ஐந்தாண்டுகள் நடத்திய திட்டம் உலகமொழி ஆசிரியரால் 'பெங்களூர்த் திட்டம்' என்று இன்றளவும் பேசப்படுகிறது. பெங்களூரில் இருந்த தென்னிந்திய ஆங்கில மண்டல நிறுவனத்தின் துணையோடு, தொடக்கநிலை, உயர்நிலை சார்ந்த எட்டு வகுப்புகளில் அது நடத்தப்பெற்றது. சென்னை வகுப்புகளும் அவற்றுள் அடங்கும். பின்னர் 1987-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகம் வாயிலாகப் பிரபு இத்திட்டத்தை நூலாக விளக்கினார்.

அவர்தம் அடிப்படைக் கருத்து எளியது. மாணவனின் கவனம் பொருளில் ஊன்றியிருக்கும்போதே இலக்கண அமைப்பு அவன் உள்ளத்தில் தானே உருப்பெறும் என்பதாம். எனவே அவ்வகுப்புகளில் இலக்கண விதி சொல்லப்படவில்லை. வாக்கியங்கள் கூட்டாக ஒப்பிக்கப்படவும் இல்லை. அதற்கு மாறாக மாணவர்க்குச் சிந்திக்க ஒரு பணி தரப்பட்டது. இரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் செல்வது என முடிவு செய்தல், வரைபடத்தில் வழி காணுதல் போல்வன அப்பணிகள்.

பணிகளை அவர் மூவகையாகப் பகுத்தார். ஒருவரிடம் உள்ள செய்தியை மற்றவர் பெறுவது ஒருவகை. கிடைத்த செய்தியிலிருந்து ஆராய்ந்து புதிய முடிவு காண்பது மற்றொரு வகை. தம் விருப்பத்தையும் கருத்தையும் வெளியிடுவது மூன்றாம் வகை. இவற்றுள் ஆராய்ந்து முடிவு காணும் பணியே வகுப்பறையில் மிகுந்த பயன் விளைத்தது என்கிறார் பிரபு. மாணவன் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. எண்ணுவதற்கு ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டியுள்ளது. ஆயினும் தன் அந்தரங்கக் கருத்தை எல்லார் முன்னும் சொல்ல வேண்டிய கூச்சம் இல்லை.

ஒவ்வொரு பாடமும் இரு கூறுகளாக அமைந்தது. முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் நோக்கி வினாக்கள் தொடுத்து ஒரு பணியைக் கரும்பலகையில் செய்து காட்டுவார். அதன்பின் அதனையொத்த மற்றொரு பணியை ஒவ்வொரு மாணவனும் தனியே தாளில் செய்வான். மதிப்பெண் விடையின் பொருளுக்கே, மொழிநடைக்கு அன்று. வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியளவாவது வெற்றி பெற்றால் அப்பணி தகுந்த அளவு கடினமுடையது என்பது அவர் கைக்கொண்ட அளவுகோல். பிழைகளை ஆசிரியர் தனிப்பாடமாக்கித் திருத்தவில்லை. மழலை பேசும் குழந்தையிடம் தாய் சரியான வடிவத்தைத் தன் மறுமொழியில் இயல்பாகச் சொல்வது போலச் சொல்லிச் சென்றார். தாய்மொழி தடுக்கப்படவும் இல்லை.

இவற்றுக்கெல்லாம் தேவைப்பட்ட கருவிகள் கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், எழுதுகோல் ஆகியவையே. நம் நாட்டுப் பள்ளிகளில் இயல்பாகக் கிடைப்பவற்றைக் கொண்டே அத்திட்டம் நடந்தது என்பதே நாம் ஈண்டு ஊன்றிக் காணத்தக்கது.

ஊரப்பாக்கத்துக் கரும்பலகை

இதனை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம். ஜி.எஸ்.டி. சாலையும் இரயில்பாதையும் ஊரப்பாக்கத்தின் இரு நரம்புகள். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் என்னும் நிலையப் பெயர்கள் இங்குள்ள சிறுவர்க்கும் மனப்பாடம். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பெற்றபின் வெளியூர்ப் பெயர்களும் அன்றாடம் காதில் விழுகின்றன. பாடநூலில் வரும் இலண்டன் தெருவைவிட இவை சிந்தனைக்கு அணுக்கமானவை அல்லவா?

ஆசிரியர் கரும்பலகையில் மூன்று நேரங்களை எழுதுகிறார்: 7.50, 8.10, 8.40. இவை எடுத்துக்காட்டிற்காக நாம் அமைத்துக்கொண்டவை. ஊரப்பாக்கத்திலிருந்து இந்நேரங்களில் புறப்படும் வண்டி 15 நிமிடத்தில் தாம்பரம் சேரும் எனக் கொள்வோம். அங்கிருந்து ஒரு மாணவி நடந்து தன் பள்ளியை அடைய 10 நிமிடம். பள்ளி மணி அடிப்பது 8.45-க்கு. அவள் செல்லத்தக்க கடைசி வண்டி எது? 8.10 வண்டி பத்து நிமிடம் தாமதமானால் என்ன ஆகும்? பதினைந்து நிமிடம் தாமதமானால்?

இவ்வினாக்கள் யாவும் ஆங்கிலத்தில் அமையும். மாணவன் முதலில் 'எய்ட் டென்' என்று இரு சொல்லில் விடையளிப்பான். அதுவே போதும். ஏன் என்று ஆசிரியர் கேட்க, 'ஷி ரீச் ஸ்கூல் எய்ட் தர்ட்டிஃபைவ்' என்று குறையுடைய வாக்கியம் ஒன்று வரும். 'யெஸ், ஷி ரீச்சஸ் ஸ்கூல் அட் எய்ட் தர்ட்டிஃபைவ்' என்று ஆசிரியர் ஏற்றுக்கொண்டு மேற்செல்வார். பிழையும் திருந்திற்று, மாணவன் முகமும் வாடவில்லை. பத்து நிமிடத் தாமதத்தில் மணி அடிக்கும் கணத்தில் அவள் வாயிலில் நிற்பாள் என்று கண்டுபிடித்த சிறுவன், தான் பேசியது ஆங்கிலம் என்பதையே மறந்து கையை உயர்த்துவான். அம்மறதியே நாம் வேண்டுவது.

படிப்பதற்கும் நூலகம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பால் உறை, மாத்திரை அட்டை, பேருந்துச் சீட்டு, பழைய நாளிதழ் ஆகியவற்றை மாணவரே வீட்டிலிருந்து கொண்டுவரலாம். இம்மருந்து எந்த மாதத்தோடு காலாவதியாகிறது, இப்பொருளின் எடை எவ்வளவு, விலை என்ன என்று வினவினால் அவன் தேடிப் படிப்பான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கு மாத்திரை அட்டையைப் படித்துச் சொல்ல முடிந்த சிறுவனிடம், வெஸ்ட் சொன்ன சரண்டர் மதிப்பு அன்றே சேர்ந்துவிடுகிறது.

தமிழாசிரியர் செய்யத்தக்கது

ஆங்கிலம் தடுமாறுமிடம் பலவும் தமிழிலக்கணம் அறிந்தவர்க்குத் தெளிவாகத் தெரியும். குண்டூசியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பின்' என்றே அமையும். நம் எழுத்தில் வல்லொலிக்கும் அதன் மெல்லிய இணைக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. எனவே மாணவன் செவியும் அதனைப் பிரித்தறியப் பழகவில்லை. ஒரு சிறு தாள்துண்டை உதட்டின் முன் பிடித்துக்கொண்டு, குண்டூசிக்குரிய சொல்லை ஆங்கிலேயர் ஒலிப்பது போல் மூச்சு வெடிக்கச் சொன்னால் தாள் அசையும். மற்றதைச் சொன்னால் அவ்வாறு அசையாது. ஒலியியல் ஆய்வுக்கூடம் இவ்வளவே.

மொழிமுதலில் மெய் தனித்து வாராது என்பது நம் மரபு. 'ஸ்கூல்' என்பது நாவில் 'இஸ்கூல்' ஆவது அதனால்தான். இது மடமையன்று, தாய்மொழியின் ஒழுங்கு. இதனை மாணவனுக்கு எடுத்துச் சொன்னால் நாணம் நீங்கும். நாணம் நீங்கினால் நா பழகும். 'ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரத்திற்கு' என்பதில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டுகிறது. ஆங்கிலத்தில் அப்பொருள் தரும் சொல் பெயருக்கு முன் நிற்கிறது. உயிரெழுத்திற்கு முன் 'ஒரு' என்பது 'ஓர்' ஆவது போல, ஆங்கிலத்திலும் உயிரொலிக்கு முன் 'அ' என்பது 'ஆன்' ஆகிறது. வேற்றுமையும் புணர்ச்சியும் கற்ற மாணவன் ஆங்கில வகுப்பிற்கு வெறுங்கையோடு செல்லவில்லை என்பதை அவனுக்கு உணர்த்துவது நம் கடமை.

அறிந்ததைப் பாலமாக்கி அறியாததை அடைவது நம் சமுதாயத்திற்கும் பழகிய வழியே. ஓதுவதற்குக் கற்ற அரபு எழுத்தைக் கொண்டே தாய்மொழியாம் தமிழை எழுதியும் படித்தும் வந்தனர் நம் முன்னோர். அரபுத் தமிழ் அவ்வாறு வளர்ந்ததே.

எல்லைகளும் எச்சரிக்கையும்

நன்மை கூறுமிடத்துக் குறையையும் கூறுதலே நேர்மை. பெங்களூர்த் திட்டத்தை ஆலன் பெரெட்டா, ஆலன் டேவிஸ் என்னும் இருவர் மதிப்பிட்டு 1985-இல் தம் முடிவை வெளியிட்டனர். பொருளைப் புரிந்துகொள்ளும் தேர்வுகளில் திட்ட மாணவர் மேம்பட்டு நின்றனர். வாக்கிய அமைப்புகளைச் சோதித்த தேர்விலோ பழைய முறையில் பயின்றவரே முந்தினர். மொத்தத்தில் முடிவு ஊக்கம் தருவதே எனினும், உறுதியாகச் சொல்ல இயலாது என்பது மதிப்பீட்டாளர் கருத்து. மேலும் அத்திட்டத்தின் ஆசிரியர் பலர் பொதுவான ஆசிரியரினும் தகுதி மிக்கவர் என்னும் விமரிசனமும் எழுந்தது. தேர்வுக்கு இலக்கணம் வேண்டியுள்ள நம் சூழலில் வாரத்தில் சில பாடவேளைகளை இவ்வகைப் பணிக்கு ஒதுக்கி, எஞ்சியவற்றில் இலக்கணம் கற்பிப்பதே நடைமுறைக்கு ஒத்தது. எல்லார்க்கும் எக்காலத்தும் பொருந்தும் சிறந்த முறை என்று ஒன்று இல்லை என்று பிரபுவே 1990-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டுள்ளார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எளிய கருவிகளால் கற்பிக்க முடியும் என்பதால் நூலகமும் நல்ல வகுப்பறையும் வேண்டா என்பது பொருளன்று. அவற்றைத் தரவேண்டியவர் தரவே வேண்டும். நாம் கூறுவது, அவை வரும் நாள்வரை இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை காத்திருக்க முடியாது என்பதே. அவனுக்கு அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு திரும்ப வராது.

நிறைவாக

எழும்பூரில் மணல் போதுமானதாக இருந்தது. சென்னை, பெங்களூர் வகுப்புகளில் சுண்ணக்கட்டி போதுமானதாக இருந்தது. இரண்டிலும் வேறொன்று தேவைப்பட்டது. பிள்ளையால் முடியும் என்று நம்பும் ஆசிரியரே அது. ஜான் ஃபிரிஸ்கனிடம் வகுப்பை ஒப்படைத்த பெல்லும், விதியைச் சொல்லாமலே மாணவன் மொழியை அடைவான் என்று துணிந்த பிரபுவும் அந்நம்பிக்கையால் ஒன்றுபட்டவர்.

பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் 2021-இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், தன்னார்வலர் தத்தம் தெருவிலேயே சிறுவர்க்கு மாலை வகுப்பு நடத்தியதை நாம் கண்டோம். அரசுத் திட்டம் வரும், போகும், தெரு நிலைத்திருக்கும். ஊரப்பாக்கத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் வாழும் நம் மாணவர் ஒவ்வொருவரும் வாரத்தில் ஒரு மாலை, ஒரு திண்ணை, ஐந்து சிறுவர் என எடுத்துக்கொள்ளலாம். பெரியோர் அத்திண்ணையைத் தந்து உதவலாம். ஆசிரியர்கள் அதற்குரிய பணிகளை அமைத்துத் தரலாம். கற்பிக்கும் மாணவனுக்கும் இதில் ஊதியம் உண்டு; ஐந்து சிறுவர் முன் ஆங்கிலத்தில் வினா எழுப்பிப் பழகியவன், நேர்முகத் தேர்வில் ஐவர் முன் தலைகுனிந்து அமரமாட்டான்.

கரும்பலகை காத்திருக்கிறது. சுண்ணக்கட்டியை எடுப்போமாக.